அடைப்புக்குறிக்குள் ஒரு பரம்பரை: பட்டப்பெயர்களும் வம்சாவளித் தேடலும்

புலம்பெயர்ந்த தமிழரிடையே கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் மிக வேகமாக வளர்ந்துள்ள எழுத்துவகை எதுவென்று கேட்டால், சிறுகதை என்றோ கவிதை என்றோ நான் சொல்லமாட்டேன். வம்சாவளி என்றே சொல்வேன். அந்தியேட்டிக்கு அச்சிடப்படும் நினைவு மலர்களில் (ஊரில் நாம் 'கல்வெட்டு' என்று சொல்லி வந்தவை) இதற்கென முன்பு ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது. இப்போது மடித்து விரிக்கும் தாளில், பெட்டி பெட்டியாக, கோடு கோடாக, ஏழு தலைமுறை வருகிறது. பேரப்பிள்ளைகள் கணினியில் வரைகிறார்கள். மூத்தவர்கள் தொலைபேசியில் பெயர் சொல்கிறார்கள். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் இத்தகைய நினைவு வெளியீடுகள் நிறையச் சேர்ந்துவிட்டன. அந்த உழைப்புக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். இரவு வேலை முடிந்து வந்து நித்திரை வராத நேரங்களில் நான் அவற்றைத்தான் வாசிக்கிறேன். ஓர் எழுத்துவகையாகவே வாசிக்கிறேன். ஆகவே மற்ற எழுத்துக்களைப் போல இவையும் விமர்சனத்துக்கு உரியவை என்று கருதுகிறேன். செத்தவீட்டுப் புத்தகத்தை விமர்சிப்பதா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

வம்சாவளி தொகுப்பவர்களிடம் பேசினால் அநேகமாக ஒரே முறைப்பாடுதான். ஊர்ச்சனம் ஒருவரையும் அவருடைய பெயரால் அழைக்கவில்லை, எல்லாம் பட்டப்பெயர், பதிவேட்டிலே ஒன்று, உறுதியிலே ஒன்று, வாயிலே ஒன்று, அதனால்தான் மூன்றாம் தலைமுறைக்கு அப்பால் போக முடியவில்லை என்பார்கள். பிறகு தாங்கள் இந்தக் குப்பையைக் கிளறி 'உண்மையான' பெயர்களைக் கண்டெடுத்த கதையைச் சொல்வார்கள். அச்சில் வரும்போது பட்டப்பெயர் ஒன்றில் அடைப்புக்குறிக்குள் ஒடுங்கும், அல்லது காணாமற்போகும்.

இந்த முறைப்பாட்டின் முதற்பாதி சரி. பட்டப்பெயர்கள் தேடலைச் சிக்கலாக்குகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் 'உண்மையான' பெயர் என்று எதைக் கொண்டாடுகிறார்களோ அது யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை பட்டப்பெயரிலும் நம்பகம் குறைந்த சாட்சி. நமது வம்சாவளிகள் நல்ல சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாத சாட்சியைக் கூண்டில் ஏற்றியிருக்கின்றன.

'பேரன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் இது இன்னும் ஒருபடி மேலே போய், பாட்டனையே பேரன் என்கிறோம். கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் ஒரே சொல். இது வெறும் சொல்விளையாட்டல்ல, நடைமுறை. கந்தரின் மகன் வேலர், வேலரின் மகன் கந்தையா, கந்தையாவின் மகன் வேலுப்பிள்ளை என்று இரண்டு பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிமாறி வரும். நாமோ குடும்பப் பெயர் இல்லாதவர்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தே நமக்கு முன்னால் நிற்பது. ஆகவே க. வேலுப்பிள்ளையும் வே. கந்தையாவும் தகப்பனும் மகனுமா, பாட்டனும் பேரனுமா, உறவேயில்லாத இரண்டு வீட்டுக்காரரா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. ஒரே கோயிற்பற்றில், ஒரே தெய்வத்தின் பெயரை வைக்கும் நூறு வீடுகள் இருந்தால் நிலைமை எப்படியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இலக்கிய அன்பர்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. ஈழத்து எழுத்துலகில் சிவஞானசுந்தரம் என்ற பெயருடையோர் மூவர். ஒருவர் ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவர். மற்றவர் மருத்துவப் பேராசிரியர், நாவலாசிரியர். மூன்றாமவர் 'சிரித்திரன்' நடத்திய கேலிச்சித்திரக்காரர். த., செ., சி. என்ற முதலெழுத்துக்களை நினைவில் வைத்து இவர்களை வேறுபடுத்தும் வாசகர் ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. இலங்கையர்கோன், நந்தி, சுந்தர் என்றால் உடனே மூன்று முகங்கள் தெரிகின்றன. இவை தாமே சூட்டிக்கொண்ட புனைபெயர்கள், ஊர் சூட்டிய பட்டப்பெயர்கள் அல்ல என்பது உண்மைதான். எனினும் செய்யும் வேலை ஒன்றே. பதிவுப்பெயர் ஆளை அடையாளங் காட்டத் தவறிய இடத்தில் இரண்டாவது பெயர் வந்து நிற்கிறது.

மேலும், பதிவுப்பெயர் என்று நாம் மதிப்பதில் பெரும்பகுதி முந்திய தலைமுறையின் செல்லப்பெயர்தான். சின்னத்தம்பி, தம்பிப்பிள்ளை, ராசையா, செல்லத்துரை, சின்னாச்சி, தங்கமுத்து: இவையெல்லாம் தொட்டிலைச் சுற்றி நின்றவர்கள் கொஞ்சிய சொற்கள். சின்னத்தம்பி என்றால் அவருக்கு மேலே பெரியதம்பி ஒருவர் இருந்தார் என்றுதான் அர்த்தம். இலங்கையில் 1867 முதல் பிறப்பு இறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறத் தொடங்கியபோது, பதிவுகாரர் வீட்டிலே கூப்பிட்டதைக் கேட்டு எழுதினார். எழுதியதும் அது 'உண்மையான' பெயராயிற்று. கொஞ்சலுக்கு அரச முத்திரை விழுந்தது என்பதற்கு மேல் அதில் வேறொன்றுமில்லை.

அதற்கு முந்திய காலத்துக்குப் போனால் கதை இன்னும் சுவையானது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் உத்தியோகமும் காணியுரிமையும் வேண்டியவர்கள் ஞானஸ்நானப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மீண்டும் எழக் காரணராயிருந்தவர் ஒல்லாந்தர் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். அவர் பெயர் தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார். முருகன் கோயிலைக் கட்டியவரின் பெயர் 'யுவான்' என்று தொடங்குகிறது. தோம்பில் ஒரு தொன் பிலிப்பைக் கண்டு, எங்கள் பரம்பரை சைவப் பரம்பரை, ஆகவே இவர் எங்களவரல்லர் என்று தள்ளிவிடுவோர் இந்தப் பெயரை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்க்கலாம்.

1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியின் வழியாக வந்த பெயர்களும் இத்தகையனவே. அமெரிக்காவில் இருந்து பணம் அனுப்பிய புண்ணியவான்களும் அவர்கள் மதித்த போதகர்களும் நமது பிள்ளைகளின் பெயர்களுக்குள் குடியேறினார்கள். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை என்று நாம் பெருமையோடு சொல்லும் பெயர்களின் முன்பாதி இப்படி வந்ததே. பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் வெளியிட்டவர், ஆர்ணல்ட் என்பதையும் சதாசிவம்பிள்ளை என்பதையும் சேர்த்தே சுமந்தார். எந்தப் பெயர் பட்டம், எந்தப் பெயர் பெயர் என்று இதில் கோடு கீறுவது யார்?

இனிப் பட்டப்பெயர்களுக்கு வருவோம். தொழிலால் வந்தவை (பரியாரியார், சட்டம்பியார், விதானையார், ஓவசியர்), போய்வந்த இடத்தால் வந்தவை (சிங்கப்பூரார், ரங்கூனார், மலாயன் பென்சனியர்), உடம்பைப் பார்த்து வந்தவை (கட்டையர், நெடுவல், கறுவல், சொத்தியர்), எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையால், செய்த ஒரு காரியத்தால் வந்து ஒட்டியவை என்று வகுத்துக்கொண்டே போகலாம். வகுப்பதில் பயன் அதிகமில்லை. தேடுபவருக்கு முக்கியமானவை வேறு இரண்டு விடயங்கள்.

ஒன்று, இப்பெயர்களில் கணிசமானவை முதுகுக்குப் பின்னால் சொல்லப்பட்டவை. ஊர் முழுவதும் அறிந்த பெயர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாது. தெரிந்தாலும் மூத்தவர்கள் வாய்திறக்கமாட்டார்கள். குடும்பத்தாரிடம் போய் உங்கள் பாட்டனாரை ஊரவர்கள் எப்படி அழைத்தார்கள் என்று விசாரிப்பது, கள்ளனிடமே களவைப் பற்றிச் சாட்சி கேட்பது போன்றது. பக்கத்து வளவுக்காரரிடம் கேட்கவேண்டும். நமது வம்சாவளிகளோ குடும்பத்துக்குள்ளேயே தொகுக்கப்பட்டு, குடும்பத்துக்குள்ளேயே சரிபார்க்கப்பட்டு, குடும்பத்துக்குள்ளேயே விநியோகிக்கப்படுகின்றன. மரண அறிவித்தல்களில் பிறப்பிடத்தையும் வதிவிடத்தையும் சொல்லிப் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயரைப் போடுகிறார்களே, அங்கே வருவது முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய பெயர் மட்டுந்தான். ஆளை இனங்காட்டும் பெயர் சில வேளைகளில் அதற்கும் உள்ளே, அச்சிடமுடியாத இன்னோர் அடைப்புக்குறிக்குள் கிடக்கிறது.

மற்றது, நான் மிக முக்கியமாகக் கருதுவது. பட்டப்பெயர்களில் ஒரு பெருங்கூட்டம் ஆளுக்கு உரியதல்ல, வளவுக்கு உரியது. ஆலடியார், புளியடியார், கிணத்தடியார், ஒழுங்கைக்குள்ளார். வளவு எப்படிக் கைமாறுகிறது என்று தெரியாமல் இந்தப் பெயர்களை வாசிக்கமுடியாது. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துப் பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்பிய தேசவழமை, தகப்பன்வழி முதுசத்தை ஆண்மக்களுக்கும் தாயின் சீதனத்தைப் பெண்மக்களுக்கும் உரியதாகச் சொல்கிறது. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில், குறிப்பாக 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு, உரிமைவழியில் மாற்றங்கள் வந்தன என்றாலும், மகளுக்கு வீடும் வளவும் கொடுத்து மருமகனை அங்கே குடியிருத்தும் வழக்கம் நம் காலம்வரை நிலைத்தது. அதாவது முதலெழுத்து தகப்பன்வழி போகிறது. வளவு தாய்வழி போகிறது. வளவோடு பட்டப்பெயரும் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புளியடி வளவில் கந்தர் இருக்கிறார். அவர் மகள் சின்னாச்சிக்கு அந்த வளவு சீதனம். மூன்றாம் வட்டாரத்திலிருந்து வேலர் மாப்பிள்ளையாக வருகிறார். பத்து வருடத்தில் அவர் 'புளியடி வேலர்' ஆகிவிடுவார். வேலரின் மகன் ஆறுமுகம் கலியாணஞ் செய்து கிழக்கே பெண்வீட்டுக்குப் போய் 'கிணத்தடி ஆறுமுகம்' ஆகிறார். வேலரின் மகள் செல்லம்மாவோ புளியடியிலேயே இருக்க, அவளுக்கு வாய்த்த பொன்னம்பலம் 'புளியடிப் பொன்னம்பலம்' ஆகிறார். இப்போது ரொறன்ரோவிலிருந்து ஒருவர் தேடத் தொடங்குகிறார். புளியடி என்பதைக் குடும்பப் பெயரென்று எடுத்துக்கொண்டு கந்தர், அவர் மகன் வேலர், அவர் மகன் பொன்னம்பலம் என்று நேர்கோடு கீறிவிடுகிறார். மூவரும் மூன்று வீட்டு ஆண்கள். ஒருவருக்கொருவர் மாமனும் மருமகனும். சொந்த மகன் ஆறுமுகம் கிணத்தடியில் நிற்பதால் வேறு வம்சமாகிவிட்டார். குழப்பம் தெரிந்ததும், 'இந்தப் பட்டப்பெயர்களால் வந்த வினை' என்று அவற்றை வெட்டியெறிகிறார்.

வினை பட்டப்பெயரால் வந்ததல்ல. பெயர் சொன்னது சரியான செய்தி: கந்தரின் மனைவி, சின்னாச்சி, செல்லம்மா என்ற பெண்களின் தொடர்ச்சியை அது சொன்னது. தேடியவர் ஆண்களின் தொடர்ச்சியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நமது நினைவு மலர்களில் பெண்கள் 'இன்னாரின் பாரியார்' என்றே வருகிறார்கள். இரண்டு தலைமுறைக்கு மேலே போனால் அதுவுமில்லை, வெறும் கோடு. அந்த வெறுங்கோட்டில் யார் இருந்தார்கள் என்பதற்கு மிஞ்சிய மிகச் சில தடயங்களில் ஒன்று வளவுப் பெயர். அதைத்தான் குப்பை என்று கூட்டித் தள்ளுகிறோம்.

மட்டக்களப்பு நண்பர்கள் இதை வாசித்துச் சிரிக்கக்கூடும். அங்கே குடி என்பது வெளிப்படையாகவே தாய்வழி வருவது. கோயில் உரிமைகளும் அதன்படி பேசப்படுகின்றன. அவர்களிடம் முறையாக இருப்பது நம்மிடம் பட்டப்பெயரில் ஒளித்திருக்கிறது என்று சொல்லலாம். தந்தைவழிச் சமூகம் என்று நம்மைப் பற்றி நாமே எழுதிவைத்த படத்துக்குப் பொருந்தாததால் அதை யாரும் கணக்கிலெடுப்பதில்லை.

காணி உறுதிகள் இந்த இடத்தில் பெரிதும் உதவும். பிறப்புப் பத்திரத்துக்கு ஓடுபவர்கள் உறுதியைத் திறந்து பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்து உறுதியில் காணிக்கு ஒரு பெயர் இருக்கும், பரப்பும் குழியுமாக விஸ்தீரணம் இருக்கும், நான்கு எல்லையிலும் யார் யார் என்று இருக்கும், எந்த வழியில் உரிமை வந்தது என்றும் இருக்கும். நொத்தாரிசுமார் பிழைக்கத் தெரிந்தவர்கள். பின்னால் வழக்கு வரக்கூடாதென்று 'என்கின்ற' போட்டு இரண்டாவது பெயரையும் எழுதிவிடுவார்கள். குடும்பம் மறைத்த பெயரை நொத்தாரிசு காப்பாற்றி வைத்திருக்கும் விந்தையை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நான் வாழும் நோர்வேயில் இந்தச் சிக்கல் புதிதல்ல. இங்கேயும் கிராமத்து மக்களுக்கு நிலையான குடும்பப் பெயர் இருக்கவில்லை. ஹான்சின் மகன் ஓலே என்றால் ஓலே ஹான்சன். அதன் பின்னால் அவன் குடியிருந்த பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் பெயர் மாறும். பெண்வீட்டுப் பண்ணைக்குப் போன மாப்பிள்ளை அந்தப் பண்ணைப் பெயரைப் பெறுவான். நமது புளியடியும் கிணத்தடியுந்தான். 1923ஆம் ஆண்டுப் பெயர்ச் சட்டம் எல்லோரும் ஒரு பரம்பரைப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஒருவர் பண்ணைப் பெயரைப் பிடித்தார், இன்னொருவர் தகப்பன் பெயரை உறையவைத்தார். வரலாறு எழுதவந்தபோது அவர்கள் செய்த கெட்டித்தனம் இதுதான்: ஊர்ப் புத்தகங்களை ஆள்வாரியாக எழுதாமல் பண்ணைவாரியாக எழுதினார்கள். இந்தப் பண்ணையில் இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுவரை இன்னார், பிறகு அவர் மருமகன், பிறகு அவர் மகன். பெயர் எத்தனை முறை மாறினாலும் நிலம் மாறவில்லை. நாம் இங்கே வந்து வேறு பலவற்றைக் கற்றுக்கொண்டோம், இதைக் கற்றுக்கொள்ளவில்லை.

நமக்கு நடந்தது வேறு. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதினோம். மீன் தொழிற்சாலையின் முறைப் பட்டியலிலே நான் என் தகப்பனார். காலையில் மேற்பார்வையாளர், செத்து நெடுங்காலமான அந்த மனிதரைக் கூப்பிடுகிறார். நான் கத்தியை எடுத்துக்கொண்டு போகிறேன். முதலில் வந்தவர் ஒருவிதமாகவும் பின்னால் வந்தவர் வேறுவிதமாகவும் எழுதியதால் உடன்பிறந்த அண்ணனும் தம்பியும் இரண்டு குடும்பப் பெயர்களோடு திரிகிறார்கள். நம் பேரப்பிள்ளைகளுக்கு, ஊரில் ஒருவருக்கும் குடும்பப் பெயராக இருந்திராத ஏதோ ஒரு பாட்டனின் பெயர் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. எதிர்கால ஆராய்ச்சியாளர் இதிலிருந்து எத்தனை புதிய குலங்களைக் கண்டுபிடிப்பாரோ தெரியாது. இதற்கிடையில் தொழிற்சாலைத் தமிழர்கள் பழைய வேலையை மறக்கவில்லை. எங்களிடையே இரண்டு சிவகுமார்கள். ஒருவர் குளிரறைச் சிவா, மற்றவர் ட்ரக் சிவா. ட்ரக் சிவா அந்த வாகனத்தை ஓட்டுவதை நிறுத்திப் பல வருடங்கள். பெயர் இறங்கவில்லை. பட்டப்பெயர் கிராமத்து அறியாமையின் எச்சம் என்று நினைப்பவர்கள் குளிரறைப் பக்கம் வந்து பார்க்கலாம்.

இனி நினைவு மலர்களின் மேல் எனக்குள்ள பெரிய குற்றச்சாட்டைச் சொல்கிறேன். பூட்டனார் 'கந்தர்' என்பதோடு அறிந்தது முடிகிறது. அடுத்த வரி கைலாயமாலைக்குப் பாய்கிறது. சோழநாட்டிலிருந்தும் பாண்டிநாட்டிலிருந்தும் வந்து யாழ்ப்பாணத்து ஊர்களில் குடியேறியதாக அந்நூல் சொல்லும் பிரபுக்களில், தமது ஊருக்கு ஒதுக்கப்பட்டவர் எவரோ அவர் முதல்வராகிறார். நடுவிலுள்ள நூற்றாண்டுகளுக்கு 'அவர் வழிவந்த' என்ற ஒரே தொடர். அந்த இடைவெளியில் சொத்தியரும் கறுவலும் சட்டம்பியாரும் புளியடி மாப்பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களைத் தெரிந்துகொள்ள வழியிருந்தும், அவர்கள் பாண்டி மழவனோடு ஒரே பக்கத்தில் இருக்கத் தகுதியற்றவர்கள் என்று முடிவாகிவிட்டது. கேட்டால் ஆவணம் இல்லை என்கிறார்கள். பூட்டனுக்கு ஆவணம் இல்லையாம், மழவனுக்கு மட்டும் இருக்கிறதாம்!

இங்கு சாதியைப் பேசாமல் மேலே போக முடியாது. இந்த இடத்தில் என் வாதம் எனக்கே இடறுகிறது. யாழ்ப்பாணத்தில் 'அர்' என்பதும் 'அன்' என்பதும் இலக்கண விகுதிகள் மாத்திரமல்ல. ஒருவர் கந்தர், மற்றவர் கந்தன். வயதும் குணமும் ஒன்றாயிருக்கும், சாதி ஒன்றல்ல. ஒடுக்கப்பட்ட மக்கள் பிள்ளைகளுக்கு முழுத் தெய்வப் பெயரை வைப்பதற்கும், பெயரின் பின்னால் 'பிள்ளை' சேர்ப்பதற்கும் இருந்த தடை, குடைக்கும் தோட்டுக்கும் மேற்சட்டைக்கும் இருந்த தடைகளோடு ஒரே கயிற்றில் கட்டியது. பெற்றோர் சொன்ன பெயரை வெட்டிச் சுருக்கி எழுதிய பேனாக்கள் இருந்தன. பட்டப்பெயர் என்று வந்தாலும், மேல்வீட்டாருக்கு மரமும் கிணறும் கிடைக்க, இவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வசவு.

இப்படியிருக்க, பேரப்பிள்ளை ஒருவர் பாரிசிலோ லண்டனிலோ இருந்து தன் பூட்டனுக்கு மலர் வெளியிடும்போது கந்தனைக் கந்தசாமி என்று எழுதினால், 'ஆவணத்தைத் திரித்துவிட்டாய்' என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டா? இல்லை என்றே நினைக்கிறேன். வெட்டப்பட்டதைத் திரும்ப ஒட்டுகிறார். அதே பக்கத்தில் ஒரு மேல்வீட்டார் தம் 'கந்தரை' 'கந்தப்ப முதலியார்' ஆக்குவது வேறு காரியம். அது வெறும் சோடனை. ஆராய்ச்சியின் கண்ணுக்கு இரண்டும் ஒரே தடயத்தைத்தான் அழிக்கின்றன என்பது உண்மை. அதற்காக இரண்டையும் ஒரே தராசில் வைப்பதற்கு நான் சம்மதியேன். வசவுப் பெயரை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை அதைச் சுமந்த வீடுதான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் சுமத்தியவர்களின் வீட்டு ஏடுகளிலே, உறுதிகளின் எல்லைக் குறிப்புகளிலே, அந்த 'அன்' இருந்தபடி இருக்கட்டும். அதைத் திருத்தினால் திருத்தியவர் தம் பாட்டனைத்தான் காப்பாற்றுகிறார்.

பெயர் தேடும் வேலை நமக்கு வெறும் குடும்பப் பெருமையாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். போர் நமக்கு மூன்றாவது பெயர் ஒன்றைத் தந்தது. 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டவர்களில் ஒருவரின் பெயர் செல்வராசா யோகச்சந்திரன் என்றால் இன்று பலர் யாரென்று கேட்பார்கள். குட்டிமணி என்றால் கேட்கமாட்டார்கள். அது ஊர்ப்பெயர் வரலாற்றுப் பெயரான காலம். பின்னர் இயக்கங்கள் தாமே பெயர் சூட்டின. பதிவில் ஒன்று, வீட்டிலே ராசன் என்றோ கிளி என்றோ ஒன்று, இயக்கத்திலே ஒன்று. மாவீரர் பட்டியல்களைப் பார்த்தால் இயக்கப் பெயர் முன்னே நிற்க, தாய் தகப்பன் வைத்த பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கும். மரண அறிவித்தலின் ஒழுங்கு அங்கே தலைகீழாகிறது. ஒரே இயக்கப் பெயர் பலருக்கும் இருந்தது வேறு.

2009இன் கடைசி மாதங்களில் போனவர்களில் பலருக்கு அந்த அடைப்புக்குறியும் இல்லை. தாய் கொடுக்கும் முறைப்பாட்டில் பதிவுப்பெயர் இருக்கிறது. அவனைக் கடைசியாகக் கண்டவர், எங்கோ சுவிசிலோ கனடாவிலோ இருப்பவர், அறிந்தது இயக்கப் பெயர் மட்டுமே. பக்கத்தில் இருந்து சாப்பிட்டவனின் அசல் பெயரைக் கேட்கக்கூடாது என்பது அங்கே ஒழுங்கு. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் காணாமற்போனோர் அலுவலகம் அமைக்கப்பட்டது. அதன்மேல் தாய்மாருக்கு நம்பிக்கை வராததற்கு வேறு காரணங்கள் பல, அவை நியாயமானவை. ஆனால் நம்மால் செய்யக்கூடிய ஒரு வேலை அந்த அலுவலகத்தை எதிர்பார்த்துக் கிடக்கவில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று எழுதிவைக்கக்கூடியவர்கள் நம்மிடையே, இந்த நாடுகளில், வாழ்கிறார்கள். பயமும் வழக்கும் விசாவும் அவர்களுடைய வாயை அடைத்திருக்கின்றன என்பதை அறிவேன். முழுக்கதையையும் சொல்ல வேண்டாம். இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒருவரே என்ற ஒரு வரி போதும். நம்பத்தக்க ஒருவர் கையில் அது இருந்தால் ஒரு தாய் தேடும் ஆளின் கடைசிச் செய்தி அவளிடம் போய்ச் சேரக்கூடும்.

ஊர்ப் பட்டப்பெயர்களின் நிலையும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் எழும்பியது. போருக்குப் பின்னர் கட்டங்கட்டமாகச் சில காணிகள் விடப்பட்டபோது போய்ப் பார்த்தவர்கள், வீடு மாத்திரமல்ல வேலியும் ஒழுங்கையும் மரமும் இல்லாத வெளியில் நின்று தம் வளவைத் தேடினார்கள். புளி இல்லாத இடத்தில் புளியடி என்றால் என்ன? அது இனிச் சிலரின் வாயில் மட்டுமே உள்ள இடம். எழும்பியபோது முப்பது வயதாயிருந்தவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அவர்களில் பலர் ஒஸ்லோவிலும் டோட்முண்டிலும் ஸ்காபறோவிலும் பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிப்போய்க் கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் பெட்டி போட்ட தாளை நீட்டி 'உங்கள் தாத்தாவின் பெயரை நிரப்புங்கள்' என்கிறோம். தாளை அப்பால் வைத்துவிட்டு ஒழுங்கையைக் கீறச் சொல்லவேண்டும். ஒவ்வொரு படலையாக, இந்த வளவில் யார் இருந்தார்கள், ஊர் அவர்களை எப்படிச் சொன்னது, அந்த வளவு யாருக்குச் சீதனமாகப் போனது என்று கேட்டுக்கொண்டு போகவேண்டும். சிரித்துச் சொல்லும் பெயர்களையும் குரல் தாழ்த்திச் சொல்லும் பெயர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பெயரைக் குரல் தாழ்த்திச் சொன்னார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அச்சிடுவதா என்பது பிறகு.

வசவுப் பெயர்கள் பற்றி மேலே சொன்னதில் எல்லோரும் உடன்படமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவற்றை எங்கும், எவர் ஏட்டிலும் வைக்கக்கூடாது, முற்றாக அழித்துவிட வேண்டும் என்று வாதிடும் தோழர்களை அறிவேன். ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் அச்சிட வேண்டும் என்போரையும் அறிவேன். குறிப்பாக அந்தப் பெயர்களைச் சுமந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் அடுத்த இதழில் இதற்கு மறுப்பு எழுதினால், என் பதிலிலும் பார்க்க அதை வாசிப்பதற்கே நான் ஆவலாயிருப்பேன்.